சோயாப் பால் குடிக்கலாமா?

சிறுநீரகத்தில் கோளாறு என்று டாக்டர் சொல்லிவிட்டால் போதும். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் வைத்தியர் ஆகிவிடுகிறார்கள். "மாட்டுப் பாலை நிறுத்து, சோயாப் பால் குடி" என்பது அவர்கள் சொல்லும் யோசனைகளில் ஒன்று.

இது சரிதானா?

விருதுநகர், சிவகாசி வட்டார மக்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். இது வெயில் பூமி. பட்டாசுத் தொழிலாளர்கள் வெயிலில் நின்று சரக்கைக் காய வைக்கிறார்கள். வியர்வை கொட்டுகிறது. அதற்கு ஈடாகத் தண்ணீர் குடிக்காவிட்டால் சிறுநீரகம் வாடும்; கல்லும் உண்டாகும். சர்க்கரை வியாதியும் ரத்தக் கொதிப்பும் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

நன்மை என்ன?

ஒரு தம்ளர் சோயாப் பாலில் 6 அல்லது 7 கிராம் புரதம் இருக்கிறது. இது மாட்டுப் பாலுக்கு ஏறக்குறைய சமம். இயற்கையாக அதில் உள்ள பாஸ்பரஸ், மாட்டுப் பாலில் இருப்பதைவிடக் குறைவு. அதிலும் பெரும்பகுதி உடம்பில் ஒட்டாது. சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு இது அனுகூலமே.

ஆபத்து எங்கே?

வெடியுப்பு என்றால் சிவகாசியில் சிறு பிள்ளைக்கும் தெரியும். அது பொட்டாசியம் கலந்த உப்பு. அந்தப் பொட்டாசியம் காய், கனி, பருப்பிலும் உண்டு. ஒரு தம்ளர் சோயாப் பாலில் சுமார் 300 மில்லிகிராம் இருக்கிறது. நல்ல சிறுநீரகம் மிச்சத்தை வெளியே தள்ளிவிடும். பழுதானது தள்ளாது. ரத்தத்தில் பொட்டாசியம் மிதமிஞ்சினால் இதயத் துடிப்பே நின்றுவிடலாம்!

பெட்டியில் அடைத்து விற்கும் சோயாப் பாலில் பாஸ்பேட் உப்பு சேர்ப்பதும் உண்டு. அது பெரும்பாலும் அப்படியே ரத்தத்தில் கலந்துவிடும். பெட்டியின் மேல் 340, 341 என்ற எண்கள் இருந்தால், அது பாஸ்பேட் என்று அறிந்துகொள்ளுங்கள்.

கல் உள்ளவர்களுக்கு வேறு கணக்கு. சோயாவில் உள்ள ஆக்சலேட் சில வகைக் கல் வளரத் துணை செய்யும். டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்குப் புரதம் கூடுதலாக வேண்டும். ஆனால், குடிக்கும் ஒவ்வொரு தம்ளரும் அன்றைய தண்ணீர்க் கணக்கில் சேரும்.

ஆகவே, ஒருவருக்கு நல்லதாக இருக்கும் பால் இன்னொருவருக்குக் கெடுதலாகலாம். எதையும் சேர்க்காத சோயாப் பாலை, பொட்டாசியம் அளவோடு இருப்பவர் டாக்டரைக் கேட்டு ஒரு தம்ளர் குடிக்கலாம். மற்றவர்கள் ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் காட்டாமல் தொட வேண்டாம்.

அரசு செய்ய வேண்டியது

உணவுப் பெட்டிகளில் உப்பின் சோடியம் அளவைப் போடுவது கட்டாயம். பொட்டாசியம், பாஸ்பரஸ் அளவைப் போடுவது கட்டாயம் அல்ல. கட்டாயமாக்க வேண்டும். அதைத் தமிழிலும் அச்சிட வேண்டும்.

2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. சிறுநீரக நோயாளி எதை எவ்வளவு சாப்பிடலாம் என்ற சீட்டு ஒன்றும் அதோடு வரட்டும். அச்சுத் தொழிலுக்குப் பெயர் பெற்ற சிவகாசிக்கு அந்தச் சீட்டை அடித்துக் கொடுப்பது ஒரு பெரிய காரியமா?