உரைகல்லுக்குத் தெரியாத டாலர்

மதுரை தெற்காவணி மூல வீதியில் வெள்ளிக் கடை வைத்திருக்கிறேன். உருக்குக்கு வரும் பழைய கொலுசு, அரைஞாண், குங்குமச் சிமிழ்களோடு இப்போதெல்லாம் அமெரிக்க வெள்ளி டாலர்களும் வருகின்றன. வெளிநாட்டில் இருக்கும் மகனோ மருமகனோ என்றைக்கோ வாங்கி வந்து கொடுத்தது, பீரோவில் கிடந்திருக்கும். வெள்ளி விலை ஏறியதும் வெளியே எடுக்கிறார்கள். "எடை போட்டு எவ்வளவு தேறும்னு சொல்லுங்கண்ணே" என்று நீட்டுகிறார்கள். எங்கள் தொழிலில் அடுத்து நடப்பது எல்லோருக்கும் தெரியும்: கை தானாக உரைகல்லை எடுக்கும், ஒரு இழுப்பு, மேலே ஒரு சொட்டுத் திராவகம்.

தயவுசெய்து இந்தக் காசில் அதைச் செய்யாதீர்கள் என்று என் தொழில்காரர்களையும் காசு வைத்திருப்பவர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

உரைகல் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும்: இது எத்தனை டச் வெள்ளி? இது அசல் காசா என்ற கேள்விக்கு அதனிடம் பதில் கிடையாது. நம்மிடம் அதிகம் வருவது மார்கன் டாலர். 1878 முதல் 1904 வரையிலும், பிறகு 1921இலும் அடிக்கப்பட்டது. 26.73 கிராம் எடை, நூற்றுக்குத் தொண்ணூறு வெள்ளி. இதில் 1896, 1900, 1902 ஆண்டுகளின் நியூ ஆர்லியன்ஸ் காசுகளில் அந்த நாணயசாலையைக் குறிக்கும் 'ஓ' எழுத்து வழக்கத்தைவிடச் சிறியதாக இருக்கும் ஒரு வகை உண்டு. அரிய வகை என்று சேகரிப்பாளர்கள் பல ஆண்டுகள் கூடுதல் விலை கொடுத்தார்கள். தரச்சான்று நிறுவனங்களே உறையிலிட்டுச் சான்று தந்தன. 2005இல்தான் அவை அந்தக் காலத்துக் கள்ளக் காசுகள் என்று தெரிந்தது. வெவ்வேறு ஆண்டுக் காசுகளின் பின்பக்கம் ஒரே அச்சில் விழுந்திருந்தது காட்டிக்கொடுத்துவிட்டது. (1899இன் சிறிய 'ஓ' மட்டும் அசல்.) ஆனால் வெள்ளியோ நல்ல வெள்ளி. அன்று ஒரு டாலரில் இருந்த வெள்ளியின் சந்தை விலை ஏறத்தாழ அரை டாலர்தான். அசல் வெள்ளியில் அடித்தாலும் கள்ளனுக்குக் கொள்ளை லாபம். என் உரைகல் அந்தக் காசுகளை ஒரு சந்தேகமும் இல்லாமல் தேற்றியிருக்கும்.

காசைக் காயப்படுத்தாத சோதனைகள் இருக்கின்றன. எடை பாருங்கள், தேய்ந்த காசு கொஞ்சம் குறையலாம், கூடக் கூடாது. குறுக்களவு 38.1 மில்லிமீட்டர். காந்தம் பிடிக்கக் கூடாது. விளிம்பில் பற்றவைத்த தடமோ, முகத்தில் வார்ப்புக் குமிழோ இருந்தால் அங்கேயே விட்டுவிடலாம். எனக்குப் பிடித்தது தண்ணீர்ச் சோதனை. தராசில் தண்ணீர்க் குவளையை வைத்து எண்ணைப் பூஜ்யமாக்கி, நூலில் கட்டிய காசை அடியில் தொடாமல் மூழ்கவிட வேண்டும். தராசு 2.6 கிராமை ஒட்டிக் காட்டினால் கலவை சரி. அதே எடையில் செம்பு நிக்கல் என்றால் 3 கிராமைத் தொடும். முடிந்ததும் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம்.

இத்தனையும் தேறினால் விலை தெரிந்துவிடுமா? தெரியாது. விலை, எத்தனை காசு தப்பிப் பிழைத்தது என்பதில் இருக்கிறது. அந்தக் கதையில் நாமும் வருகிறோம். முதல் உலகப் போரின்போது இந்தியாவில் காகித நோட்டை நம்பாமல் மக்கள் வெள்ளி ரூபாயாகக் கேட்டார்கள். அரசின் வெள்ளி இருப்பு கரைந்துகொண்டே போனது. பிரிட்டன் அமெரிக்காவிடம் கையேந்த, 1918 ஏப்ரலில் பிட்மன் சட்டம் வந்தது. கருவூலத்தில் கிடந்த டாலர்களில் 27 கோடியை உருக்கினார்கள். அதில் ஏறத்தாழ 26 கோடி டாலரின் வெள்ளி இந்தியாவின் ரூபாய்க்காக விற்கப்பட்டது. ஒரு டாலரின் வெள்ளியில் கணக்காக இரண்டேகால் ரூபாய் அடிக்கலாம். பிறகு அந்த ரூபாய்களில் எத்தனை நம் வீடுகளில் கொலுசாகவும் தண்டையாகவும் மாறியிருக்கும்!

உருக்கியவர்கள் எந்த ஆண்டுக் காசு எத்தனை என்று குறித்து வைக்கவில்லை. அதனால் அடித்த எண்ணிக்கையை மட்டும் பார்த்து விலை சொல்ல முடியாது. 1903ஆம் ஆண்டின் நியூ ஆர்லியன்ஸ் டாலர் நாற்பது லட்சத்துக்கு மேல் அடிக்கப்பட்டும், அநேகமாக எல்லாம் உருகிவிட்டது என்று நம்பி ஆயிரம் டாலருக்கு மேல் விலை வைத்தார்கள். 1962இல் கருவூலத்திலிருந்து மூட்டை மூட்டையாக வெளியே வந்ததும் விலை சரிந்து விழுந்தது.

ஆண்டு பழையது என்பதற்காக விலை ஏறாது. "நூறு வருஷக் காசு" என்று 1921 மார்கனை நீட்டுகிறவர்கள் அதிகம். பிலடெல்பியாவில் மட்டும் அந்த ஆண்டு 4 கோடிக்கு மேல் அடித்தார்கள். அதே 1921இல் அடித்த 'பீஸ்' என்ற வேறு வகை டாலரோ ஏறத்தாழ 10 லட்சம்தான். அது வேறு விலை. மார்கனின் பின்பக்கத்தில், கழுகின் கீழே இருக்கும் மாலைக்கு அடியில் நாணயசாலையைக் குறிக்கும் சிறிய எழுத்து இருக்கிறதா என்று உருப்பெருக்கியில் பாருங்கள். 'சிசி' இருந்தால் கார்சன் சிட்டி. 1893உடன் 'எஸ்' இருந்தால் சான் பிரான்சிஸ்கோ. 1 லட்சம் மட்டுமே அடித்தது. அதனாலேயே சாதாரண 1893 காசில் 'எஸ்' ஒட்டுகிறார்கள், 1898இன் எட்டை மூன்றாகச் செதுக்குகிறார்கள். அசலில் 'லிபர்ட்டி' என்ற சொல்லின் 'டி' எழுத்துத் தலையில் மெல்லிய சாய்ந்த கோடு இருக்கும்.

கள்ளக் காசைவிட எனக்கு வேதனை தருவது புளியும் விபூதியும் பற்பசையும்தான். காசு அச்சில் விழும்போது உண்டாகும் நுண்ணிய வரிகள்தான் அதன் ஒளி. சாய்த்துப் பார்த்தால் அந்த ஒளி ஆரங்களாகச் சுழலும். ஒருமுறை தேய்த்தால் போயிற்று, எந்தப் பட்டறையாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. கறுத்த காசு கறுத்தபடியே இருக்கட்டும். கழுத்தில் போட வளையம் பற்றவைத்த காசுக்குப் பெரும்பாலும் வெள்ளி விலைதான்.

தேய்ந்த 1921 மார்கனை நான் எடைக்குத் தயங்காமல் வாங்குவேன். விற்பவருக்கு அதில் பெரிய இழப்பில்லை. மேலே சொன்ன எழுத்துகள் உள்ள காசை எடை போட மாட்டேன். ஆண்டையும் எழுத்தையும் சீட்டில் எழுதிக் கொடுத்து, தரச்சான்றுக்கு அனுப்பச் சொல்கிறேன். செலவு பிடிக்கும், அரிய காசுக்கு அந்தச் செலவு தகும். எங்கள் வீதியின் மற்றக் கடைகளும் இதையே செய்ய வேண்டும் என்பது என் வேண்டுகோள்.