கூட்டிப் பெருக்கும் கைகளுக்கு என்ன மரியாதை?

கல்விக்கூடம் என்றவுடன் நம் நினைவிற்கு வருபவர் யாவர்? தலைமையாசிரியை, ஆசிரியைகள், மாணவியர். முதல் மணி அடிக்கும் முன்பே வகுப்பறைகளைப் பெருக்கி, கழிவறைகளைக் கழுவி வைக்கும் ஆயாக்களை நாம் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அவர்கள் ஒரு நாள் வராவிட்டால்தான் அவர்கள் இருந்தார்கள் என்பதே நமக்குத் தெரிகிறது! இது நம் நாட்டில் மட்டும் காணும் குறையன்று.

அமெரிக்காவில் 1636இல் தோன்றிய ஹார்வர்டு பல்கலைக்கழகம் உலகிலேயே பெருஞ்செல்வம் படைத்த கல்வி நிறுவனம். 2001இல் அதன் அறக்கட்டளை நிதி 1,800 கோடி டாலருக்கும் மேல். ஆயினும் அங்கே தரை துடைத்தவர்களும், காவல் காத்தவர்களும், உணவுக்கூடத்தில் பாத்திரம் துலக்கியவர்களும் பெற்ற கூலி குடும்பம் நடத்தப் போதவில்லை. பலர் பிறநாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவர்களுக்காக மாணவ மாணவியர் அவ்வாண்டு ஏப்ரல் 18ஆம் நாள் பல்கலைக்கழகத் தலைவரின் அலுவலகம் இருந்த கட்டடத்திற்குள் சென்று அமர்ந்தனர். மணிக்கு 10.25 டாலராவது கூலி தர வேண்டும் என்று கேட்டு 21 நாள்கள் அங்கேயே இருந்தனர். முடிவில் பேராசிரியரும் மாணவரும் தொழிலாளரும் சேர்ந்து அமர்ந்த குழு ஒன்று அமைந்தது. வெளி ஒப்பந்தக்காரர் குறைந்த கூலிக்கு ஆள் வைப்பதால், பல்கலைக்கழகத்தின் நேரடிப் பணியாளர் ஊதியமும் கீழே இறங்குகிறது என்று அக்குழு கண்டது. ஒரே வேலைக்கு ஒரே கூலி என்ற விதி அதன்பின் ஏற்கப்பட்டது, ஊதியமும் உயர்ந்தது.

இனி நம் சென்னைக்கு வருவோம். 2020இல் நம் தேனாம்பேட்டை உட்பட 7 மண்டலங்களின் குப்பை அகற்றும் பணி தனியார் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. 2025இல் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களுக்கும் அதே நிலை வந்தது. பல ஆண்டுகள் மாநகராட்சிக்காக உழைத்த தூய்மைப் பணியாளர்கள் ஆகஸ்ட் 1ஆம் நாள் முதல் ரிப்பன் மாளிகையின் வாயிலில் அமர்ந்தனர். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஏறத்தாழ 23,000 ரூபாயாக இருந்த மாத ஊதியம் 17,000 ரூபாய் அளவிற்கு இறங்கிவிடும் என்பது அவர்கள் கவலை. பணி நிரந்தரம் என்பது அவர்கள் கோரிக்கை. நடைபாதையை விட்டு அவர்களை அகற்றுமாறு உயர்நீதிமன்றம் ஆணையிட, 13ஆம் நாள் நள்ளிரவில் காவல்துறையினர் அவர்களை அப்புறப்படுத்தினர். மறுநாள் காலைச் சிற்றுண்டி, காப்பீடு, பிள்ளைகளின் கல்விக்கு உதவி முதலியவற்றை அரசு அறிவித்தது. நல்லவையே. ஆனால் அவர்கள் கேட்ட நிரந்தரம் அந்த அறிவிப்பில் இல்லை.

"பிடிக்காவிட்டால் வேறு வேலைக்குப் போகலாமே" என்று சிலர் கேட்கிறார்கள். வேறு வேலையை யார் தருகிறார்கள்? தலைமுறை தலைமுறையாகச் சில சாதியினர் தலையிலேயே குப்பையையும் மலத்தையும் சுமத்தி வைத்த சமுதாயம் நம்முடையது. மனிதரைக் கொண்டு மலம் அள்ளுவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. அதன் பின்னும் கழிவுநீர்த் தொட்டிகளில் இறங்கி நச்சுவாயுவால் மாண்டவர் பலர். அவர்களுடைய குடும்பங்களுக்கு 30 இலட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023இல் உச்சநீதிமன்றம் கூற வேண்டியதாயிற்று. "வேறு வேலைக்குப் போ" என்று சொல்வோர் வீட்டில் அவர்களுக்கென்று தனித் தம்ளர் இல்லையா என்று முதலில் பார்க்கட்டும்.

"இரக்கம் காட்டுகிறோமே, பண்டிகைக்குப் புடவை கொடுக்கிறோமே" என்றும் சொல்வதுண்டு. கொடுப்பது நன்று. ஆனால் புடவை நம் விருப்பம். கூலி அவர்கள் உரிமை. முன்னதைக் கொடுத்துப் பின்னதை மறந்துவிடலாகாது.

அன்புத் தோழியரே! நம்மால் ஆவது என்ன? நம் பாட்டி வயதுடைய ஆயாவை "ஏய், இங்கே வா" என்று அழைக்கும் நாக்கை முதலில் திருத்துவோம். "வாங்க, சொல்லுங்க" என்று சொன்னால் நம் மதிப்பு ஒன்றும் குறைந்துவிடாது. சாக்பீஸ் துண்டையும் மிட்டாய்த் தாளையும் "ஆயா பெருக்குவார்" என்று எறியாதிருப்போம்.

பெற்றோரும் நிர்வாகத்தினரும் இன்னும் சில கேள்விகளைக் கேட்க வேண்டும். பெற்றோர்–ஆசிரியர் கூட்டத்தில் தேர்ச்சி விழுக்காட்டைக் கேட்கிறோம். பணியாளரின் மாதச் சம்பளம் எவ்வளவு, வருங்கால வைப்புநிதி கட்டப்படுகிறதா, அவர்கள் உட்கார்ந்து சாப்பிட ஓர் இடம் உண்டா, கையுறை உண்டா என்று கேட்கிறோமா? எந்தப் பள்ளியிலும், எந்தக் கல்லூரியிலும் இக்கேள்விகள் எழுப்பப்பட வேண்டும். நாளை நம்மில் பலர் அலுவலகங்களில் அதிகாரிகளாக அமர்வோம். ஒப்பந்தத் தாளில் கையெழுத்திடும் பேனா அன்று நம் கையில் இருக்கும். அதில் எழுதப்படும் கூலியைக் கொண்டு ஒரு குடும்பம் வாழ முடியுமா என்று பார்த்த பின்னரே கையெழுத்திடுவோம் என இன்றே உறுதி கொள்வோமாக!