சிக்கனம் யாருக்கு? சன்மானம் யாருக்கு?



ஒரு ஜவுளிக்கடையை நினைத்துக் கொள்ளுங்கள். வியாபாரம் படுத்துவிட்டது. முதலாளி ஊழியர்களைக் கூப்பிட்டு, "இந்த வருடம் சம்பள உயர்வு கிடையாது. பண்டிகை போனஸும் கிடையாது. இரண்டு பேரை நிறுத்தப் போகிறேன். எல்லோரும் சேர்ந்து கஷ்டத்தைச் சுமப்போம்" என்கிறார். ஊழியர்களும் நிலைமையைப் புரிந்துகொண்டு தலையாட்டுகிறார்கள். மறுநாள், கண்மூடித்தனமாகச் சரக்கு வாங்கிக் குவித்துக் கடையை இந்தக் கதிக்குக் கொண்டுவந்த மேனேஜருக்கு, அதே கல்லாவிலிருந்து பெரிய தொகை எடுத்துக் கொடுக்கப்படுகிறது. இதன் பிறகு அந்தக் கடையில் யாராவது மனம் ஒன்றி வேலை செய்வார்களா?

இது கற்பனைக் கடை. ஆனால் பிரிட்டன் என்ற பெரிய நாட்டில் இது உண்மையாகவே நடந்தது.

வங்கி கவிழ்ந்த கதை

2008-ஆம் ஆண்டு உலக நிதி நெருக்கடியில் ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து கவிழும் நிலைக்கு வந்தது. அந்த ஓராண்டில் மட்டும் அதன் நட்டம் 2,410 கோடி பவுண்டு. பிரிட்டிஷ் நிறுவன வரலாற்றில் அதுவரை யாரும் கண்டிராத நட்டம் அது. வங்கியைக் காப்பாற்ற அரசு ஏறத்தாழ 4,550 கோடி பவுண்டு மக்கள் பணத்தைக் கொட்டியது. வங்கியின் பெரும்பங்கு அரசின் கைக்கு வந்தது.

வங்கியை அந்த நிலைக்குக் கொண்டுவந்த தலைமை அதிகாரி பிரெட் குட்வினுக்கு என்ன ஆயிற்று? வயது 50-இல், ஆண்டுக்கு 7 லட்சத்து 3 ஆயிரம் பவுண்டு ஓய்வூதியத்தோடு வீட்டுக்குப் போனார்! மக்கள் கொதித்தெழுந்த பிறகுதான் 2009-இல் அது 3 லட்சத்து 42 ஆயிரத்து 500 பவுண்டாகக் குறைந்தது. 2012-இல் அவருடைய 'சர்' பட்டமும் பறிக்கப்பட்டது. பட்டம் போனது; பாதி ஓய்வூதியம் மிச்சம் இருந்தது.

அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். வங்கிகளுக்குக் கொடுத்த பணமும், நெருக்கடியால் குறைந்த வரி வருமானமும் அரசின் கணக்கைப் பெரும் பற்றாக்குறையில் தள்ளின. 2010 அக்டோபரில் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன், நான்கு ஆண்டுகளில் 8,100 கோடி பவுண்டு செலவைக் குறைக்கும் திட்டத்தை அறிவித்தார். ஆண்டுக்கு 21 ஆயிரம் பவுண்டுக்கு மேல் வாங்கும் அரசு ஊழியரின் சம்பளம் இரண்டு ஆண்டுகளுக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. குழந்தைகளுக்கான உதவித்தொகை மூன்று ஆண்டுகளுக்கு உயராது என்றார்கள். மதிப்புக் கூட்டு வரி 2011 ஜனவரியில் 17.5 சதவீதத்திலிருந்து 20 சதவீதமானது. "இதில் நாம் எல்லோரும் ஒன்றாகவே இருக்கிறோம்" என்பது ஆட்சியாளர்களின் முழக்கம்.

ஒன்றாகவா? 21 ஆயிரம் பவுண்டு வாங்கும் ஒரு செவிலியரோ எழுத்தரோ 33 ஆண்டுகள் உழைத்தாலும், குட்வினுக்கு முதலில் நிர்ணயிக்கப்பட்ட ஓராண்டு ஓய்வூதியத்தை எட்ட முடியாது.

குட்வினுக்குப் பின் வந்த ஸ்டீபன் ஹெஸ்டருக்கு 2012 ஜனவரியில் 9 லட்சத்து 63 ஆயிரம் பவுண்டு மதிப்புள்ள பங்குகள் போனஸாக அறிவிக்கப்பட்டன. அவர் வங்கியைக் கவிழ்த்தவர் அல்ல, கவிழ்ந்ததைத் தூக்கி நிறுத்த வந்தவர் என்பதை நியாயமாகச் சொல்லியாக வேண்டும். ஆனாலும் ஊழியர் சம்பளம் உறைந்து கிடந்த காலத்தில், மக்கள் பணத்தில் மூச்சு விடும் வங்கியில் இப்படி ஒரு போனஸா என்ற கேள்வி நாடெங்கும் எழுந்தது. விவகாரம் நாடாளுமன்ற வாக்கெடுப்புக்குப் போகும் நிலை வந்தபோது, போனஸ் வேண்டாம் என்று அவரே அறிவித்தார்.

அவர்கள் சொல்லும் நியாயங்கள்

இப்படிப்பட்ட ஊதியத்துக்கு வக்காலத்து வாங்குவோர் மூன்று வாதங்களை வைக்கிறார்கள்.

முதலாவது: "நாலு பேருடைய போனஸைக் குறைத்தால் நாட்டின் பற்றாக்குறை தீர்ந்துவிடுமா?" தீராது, அது உண்மை. 8,100 கோடிக்கு முன் 9 லட்சம் தூசு. ஆனால் தியாகம் கேட்கும் உரிமை தொகையைப் பொறுத்ததல்ல. தன் தட்டில் குறைத்துக் கொண்டவனுக்குத்தான் அடுத்தவன் தட்டில் குறைக்கச் சொல்லும் தகுதி உண்டு. 2010-இல் பதவியேற்ற பிரிட்டிஷ் அமைச்சர்கள் தங்கள் சம்பளத்தை 5 சதவீதம் குறைத்துக் கொண்டார்கள். அதனால் கஜானா நிரம்பவில்லை. ஆனாலும் அதைச் செய்யத்தான் வேண்டியிருந்தது.

இரண்டாவது: "பெரிய சம்பளம் கொடுக்காவிட்டால் திறமைசாலிகள் போய்விடுவார்கள்." 2,410 கோடி நட்டம் வந்த ஆண்டில் அந்த வங்கியை நடத்தியவர்கள் குறைந்த சம்பளக்காரர்களா?

மூன்றாவது: "தனியார் நிறுவனம் யாருக்கு என்ன கொடுத்தால் உங்களுக்கென்ன?" வணிகச் சகோதரர்களுக்கு இது நியாயமாகப் படலாம். சொந்த முதலைப் போட்டு, சொந்தமாக நட்டப்படும் வரை அது அவரவர் விருப்பம்தான். ஆனால் இலாபம் வந்தால் அதிகாரிக்கு, நட்டம் வந்தால் அரசுக் கஜானாவுக்கு என்பது எந்த ஊர் வியாபாரம்? இலாபத்தில் பங்கு கேட்பவன் நட்டத்திலும் பங்கு ஏற்க வேண்டும் என்பது கூட்டு வியாபாரம் செய்யும் எவருக்கும் தெரிந்த பாடம். அந்த வங்கியின் கடைசி அரசுப் பங்கு விற்கப்பட்டது 2025 மே மாதத்தில்தான். போட்ட பணத்தில் ஏறத்தாழ 1,000 கோடி பவுண்டு திரும்பவே இல்லை. அந்த நட்டத்தைச் சுமந்தவர்கள் வரி கட்டிய சாமானியர்கள்.

என்ன வழி?

சம்பளத்துக்கு அரசு ஒரே உச்சவரம்பு போட்டுவிட்டால் சரியாகிவிடுமா? பொதுத்துறை ஊதியத்தை ஆராய்ந்த வில் ஹட்டன், 2011-இல் தந்த அறிக்கையில் அதை ஏற்கவில்லை. மாறாக, உயர் அதிகாரி தன் அடிப்படைச் சம்பளத்தின் ஒரு பகுதியைப் பணயமாக வைத்து, குறித்த வேலையை முடித்துக் காட்டி அதைத் திரும்பச் சம்பாதிக்க வேண்டும் என்றார். நல்ல யோசனை.

2013-இல் சுவிட்சர்லாந்து மக்கள் இரண்டு முறை வாக்களித்தார்கள். அதிகாரிகளின் ஊதியத்தைப் பங்குதாரர்களே வாக்களித்துத் தீர்மானிக்க வேண்டும் என்ற திட்டத்துக்கு மார்ச்சில் 67.9 சதவீத ஆதரவு. உச்ச சம்பளம் கடைசிச் சம்பளத்தைப் போல் 12 மடங்கைத் தாண்டக் கூடாது என்ற திட்டத்துக்கு நவம்பரில் தோல்வி. மக்கள் பொறாமைப்படவில்லை, பணத்துக்குச் சொந்தக்காரனைக் கேட்டுக் கொடு என்றுதான் சொன்னார்கள்.

நமக்கென்ன?

"எங்கோ நடந்த கதை" என்று ஒதுக்கிவிட வேண்டாம். 2020-இல் கொரோனா காலத்தில் நம் நாட்டிலும் மத்திய அரசு ஊழியர், ஓய்வூதியர்களின் அகவிலைப்படி மூன்று தவணைகள் நிறுத்தப்பட்டன. அந்த நிலுவை பிறகும் வழங்கப்படவில்லை. பிரதமர், அமைச்சர்கள், நாடாளுமன்ற உறுப்பினர்களின் சம்பளமும் ஓராண்டுக்கு 30 சதவீதம் குறைக்கப்பட்டது, அதை வரவேற்கலாம். ஆனால் அரசின் சலுகையையும் வங்கிக் கடனையும் நம்பி நிற்கும் பெரிய நிறுவனங்களின் தலைவர்களிடமும் அதே அளவுகோலை வைத்துக் கேள்வி கேட்டோமா?

கேட்க வழி இருக்கிறது. 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 197-வது பிரிவுப்படி, பங்குச்சந்தையில் உள்ள ஒவ்வொரு நிறுவனமும், தன் இயக்குநர் ஒருவரின் ஊதியம் நடுநிலை ஊழியரின் ஊதியத்தைப் போல் எத்தனை மடங்கு என்பதை வெளியிட்டாக வேண்டும். படித்த இளைஞர்களே! ஆண்டறிக்கையின் வண்ணப் படங்களோடு நின்றுவிடாமல் அந்த ஒரு எண்ணைத் தேடிப் பாருங்கள். பங்கு வைத்திருக்கும் வணிகர்களே! ஆண்டுக் கூட்டத்தில் அந்த எண்ணைச் சொல்லி விளக்கம் கேளுங்கள்.

முதலில் நம் கடையிலிருந்தே தொடங்குவோம். வியாபாரம் மந்தமானால் முதல் வெட்டு கல்லாவில் உட்கார்ந்திருப்பவரின் செலவில் விழட்டும். கடைப் பையனின் சம்பளத்தில் கை வைப்பது கடைசியாக இருக்கட்டும். அப்படி நடப்பவர் எழுந்து நின்று கேட்கும் கேள்விக்குத்தான் பெரிய நிறுவனங்களும் அரசும் பதில் சொல்லியாக வேண்டிய நிலை வரும்.