வடம் பிடிப்பவனுக்கு ஒரு நூல்

சென்ற ஐப்பசியில் வாசுதேவநல்லூருக்குப் போயிருந்தேன். அக்காள் மகன் ஒருவன் அங்கே இருக்கிறான். ஐ.டி.ஐ. முடித்தவன். சிவகிரியிலிருந்து புளியங்குடி வரையிலும், கிழக்கே சங்கரன்கோவில் வரையிலும் கடைகளுக்கும் பள்ளிகளுக்கும் கணினிக் கேபிள் இழுப்பதும் கண்காணிப்புக் கேமரா பொருத்துவதும் அவன் பிழைப்பு. நான் சென்னையில் இதே துறையில் முப்பது ஆண்டுகள் கழித்து ஓய்வு பெற்றவன் என்பதால், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் திண்ணையில் வந்து உட்கார்ந்தான்.

"மாமா, கேபிள் வேலைக்கு ஒரு நல்ல புஸ்தகம் இருந்தா சொல்லுங்க" என்றான்.

காரணம் கேட்டேன். புளியங்குடியில் ஓர் எலுமிச்சை மண்டியில் ஆறு கேமராக்கள் பொருத்தியிருக்கிறான். பகலில் ஆறும் ஒழுங்காக வேலை செய்கின்றன. இருட்டியதும் கோடியில் இருக்கும் ஒன்று மட்டும் அணைந்து அணைந்து எழுகிறது. கேமராவை இரண்டு முறை மாற்றினான். சுவிட்சையும் மாற்றிப் பார்த்தான். கேபிளைச் சோதிக்கும் சிறு கருவியை இரு முனையிலும் மாட்டினால் எட்டு விளக்குகளும் வரிசை பிசகாமல் எரிகின்றன. மண்டிக்காரர் பாக்கிப் பணத்தைத் தர மறுத்துவிட்டார். மூன்று மாதமாக அந்தத் தொகை நிற்கிறது.

மறுநாள் அவனோடு போனேன். மிஞ்சிக் கிடந்த கேபிள் துண்டு ஒன்றை எடுத்துப் பேனாக்கத்தியால் உள்கம்பியைச் சுரண்டினேன். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. செம்பு முலாம் பூசிய அலுமினியம். பெட்டியில் 'கேட் 6' என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. 305 மீட்டர் பெட்டி மலிவாகக் கிடைத்ததே என்று வாங்கியிருக்கிறான். அலுமினியக் கம்பியின் மின்தடை செம்பைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. பகலில் கேமராவுக்குத் தேவைப்படும் மின்சாரம் குறைவு. இருட்டியதும் அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கும், தேவை கூடும். எண்பது மீட்டர் நீளக் கேபிளில் மின்னழுத்தம் சரிந்து கேமரா அணைந்துபோகும். அணைந்ததும் பளு குறையும், மீண்டும் எழும். அதுதான் இரவெல்லாம் நடந்த கூத்து. கேமராவின் மேல் ஒரு குற்றமும் இல்லை.

அவன் அறிவில் குறையுள்ளவன் அல்லன். வண்ண வரிசையை உறக்கத்திலும் சொல்வான். அதையெல்லாம் யூடியூப்பில் கற்றுக்கொண்டிருக்கிறான். காணொளியைப் பழிப்பது என் நோக்கமன்று. கை எப்படி அசைய வேண்டும் என்பதைக் காணொளிபோல் எந்த நூலும் காட்டாது. ஆனால், காணொளி தான் எடுத்துக்கொண்ட ஒன்றைக் காட்டிவிட்டு முடிந்துவிடும். அது காட்டாமல் விட்டவை இன்னின்ன என்று பார்ப்பவனுக்குத் தெரிய வழியில்லை. நூலுக்கு ஓர் உள்ளடக்கப் பக்கம் இருக்கிறது, பின்னால் ஒரு சொல்லடைவு இருக்கிறது. நமக்குத் தெரியாதது எது என்பதையே அவைதாம் முதலில் தெரிவிக்கின்றன. அவன் நூல் கேட்டது பிற்போக்கான ஆசை அன்று. பட்டபின் வந்த தெளிவு.

சரி, எந்த நூல்? என் கருத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வண்ண வரிசையையும் வரைபடங்களையும் எல்லா நூல்களும் தரும். அவற்றை வைத்து நூலை எடைபோடக் கூடாது. ஒவ்வோர் அளவுக்கும் காரணம் சொல்கிறதா, பழுது எப்படித் தோன்றும் என்று சொல்கிறதா என்ற இரண்டையும் பார்க்க வேண்டும்.

காரணம் என்றால் என்ன? கேபிளின் நீளம் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். அதில் 90 மீட்டர் சுவருக்குள் நிலையாக ஓடும் பகுதி, மீதி 10 மீட்டர் இரு முனைகளிலும் உள்ள பேட்ச் கார்டுகளுக்கு என்ற பங்கீட்டைச் சொல்லும் நூல் ஒரு படி மேல். பேட்ச் கார்டின் பிரிக்கம்பியில் இழப்பு மிகுதி, அதனால்தான் அதற்குக் குறைந்த நீளம் என்று விளக்கும் நூல் இரண்டு படி மேல். கனெக்டரில் நுழைக்கும்போது இணையின் முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்கக் கூடாது என்பதும் அப்படியே. சங்கரன்கோவில் பக்கம் தறி ஓடும் வீட்டில் வளர்ந்தவனுக்கு முறுக்கின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. நூலிழையில் முறுக்கு வலுவுக்காக. கேபிளில் முறுக்கு, பக்கத்து இணையின் பேச்சு இந்த இணைக்குள் கேட்காமல் இருப்பதற்காக. நான்கு இணைகளுக்கும் நான்கு விதமான முறுக்கு வைத்திருப்பதும் அதற்காகவே. இதைப் புரிந்துகொண்டவன் அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்கத் தானே அஞ்சுவான்.

பழுதுக்கு ஒரு சான்று. டி568பி வரிசையில் 1-2, 3-6, 4-5, 7-8 என்ற ஊசிகள் இணைகளாக வர வேண்டும். விவரம் அறியாதவர் 3-4 ஒரு இணை, 5-6 ஒரு இணை என்று வரிசையாகவே வைத்துவிடுவார். இரு முனையிலும் அதே பிழையைச் செய்தால் மலிவான சோதனைக் கருவியில் எட்டு விளக்குகளும் சரியாகவே எரியும். வேகம் மட்டும் வராது. பிளந்த இணை என்று இதைச் சொல்லலாம். நான் எந்தக் கேபிளிங் நூலைக் கையில் எடுத்தாலும் முதலில் சொல்லடைவில் இந்தப் பிழைக்கு இடம் இருக்கிறதா என்று பார்ப்பேன். இல்லையென்றால் அது கேபிள் இழுத்துப் பழகியவர் எழுதிய நூலாக இருக்காது.

அடுத்தது பதிப்பாண்டு. இத்துறையின் அடிப்படை விதிமுறையான டிஐஏ-568, 1991இல் வெளிவந்தது. 2001இல் 'பி', 2009இல் 'சி' என்று திருத்தப்பட்டு வந்திருக்கிறது. கேபிள் வழியே மின்சாரமும் அனுப்பலாம் என்பதை ஐ.இ.இ.இ. வரையறுத்தது 2003இல். அன்று 15.4 வாட், 2018இல் 90 வாட் வரை போய்விட்டது. என் மருமகனின் பழுது இந்த மின்சாரத்தைப் பற்றியது. பழைய புத்தகக் கடையில் கிடைக்கும் 2000ஆம் ஆண்டு நூல் எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும் இங்கே வாய்திறக்காது.

மூன்றாவது, நூல் எந்த மண்ணை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்பது. அமெரிக்க நூல்கள் பலகைச் சுவரையும் பொய்க்கூரையையும் பற்றி அத்தியாயம் அத்தியாயமாகப் பேசும். நம்முடையது செங்கல் சுவர், காங்கிரீட் தளம். சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் கேபிள் கிடக்கும். விதிமுறையின் அளவுகளோ 20 பாகை செல்சியசை அடிப்படையாகக் கொண்டவை, வெப்பம் ஏற ஏற இழப்பும் ஏறும். ஐப்பசியில் மலைப்பக்கமிருந்து இடியும் மின்னலும் வரும். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே செம்புக் கேபிள் இழுத்திருந்தால் இரு பக்கச் சுவிட்சுகளும் கருகும். மின்சாரம் கடத்தாத கண்ணாடி இழையைத்தான் அங்கே இழுக்க வேண்டும். இந்தியத் தேசியக் கட்டட விதித்தொகுப்பின் 2016ஆம் ஆண்டுப் பதிப்பில் எட்டாம் பாகத்தின் ஆறாம் பிரிவு தகவல் தொடர்பு அமைப்புகளுக்கென்றே இருக்கிறது. வீட்டு வரைபடம் போடுகிறவர்களே அதைப் புரட்டுவதில்லை என்பது வேறு கதை.

இவற்றை மனத்தில் கொண்டு என் அலமாரியில் உள்ளவற்றை எடைபோடுகிறேன். ஆண்ட்ரூ ஆலிவியரோவும் பில் உட்வர்டும் எழுதிய 'கேபிளிங்' நூலின் ஐந்தாம் பதிப்பு (2014) ஒரே நூல்தான் வாங்க முடியும் என்பவருக்கு ஏற்றது. செம்பு, கண்ணாடி இழை இரண்டையும் பேசுகிறது. சோதனையையும் பழுதையும் விரிவாகச் சொல்கிறது. சார்லஸ் ஸ்பர்ஜனின் ஈதர்நெட் நூல் 2000இல் வந்து, 2014இல் ஜோன் சிம்மர்மனோடு சேர்ந்து திருத்தப்பட்டது. கேபிளில் ஓடுவது என்ன என்று அறிய அதைவிடத் தெளிவான நடையை நான் கண்டதில்லை. பிக்ஸி அமைப்பின் பெருங்கையேடு பெரிய கட்டடங்களை வடிவமைப்பவர்களுக்கானது; தனியொருவன் வாங்கத் தக்க விலை அன்று, பாலிடெக்னிக் நூலகங்களில் இருக்க வேண்டியது. 2018ஆம் ஆண்டின் விதி 2014 நூல்களில் இராது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இவ்வளவும் சொன்னபின் அவன் ஒரு கேள்வி கேட்டான். "எல்லாம் இங்கிலீஷ்லதான இருக்கு மாமா?"

என்னிடம் பதில் இல்லை. இல்லை என்பதும் முழு உண்மை அன்று. தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடநூலில், 2019 முதல் நடப்பில் வந்த பாடத்திட்டத்தில், வலையமைப்புக் கேபிளிங் பற்றியே ஓர் அத்தியாயம் இருக்கிறது. தமிழ் வழியிலும் இருக்கிறது, இலவசமாகவும் கிடைக்கிறது. கேபிள் வகைகள், கிரிம்பிங் கருவி, டி568ஏ, டி568பி வண்ண வரிசைகள் எல்லாம் அதில் உண்டு. வணிகவியல் படிக்கும் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்த அந்தப் பக்கங்கள், கேபிள் இழுக்கும் என் மருமகன் கண்ணில் படவேயில்லை. ஆனாலும் அது தேர்வுக்கான பாடம். நள்ளிரவில் அணையும் கேமராவுக்கு மருந்து அதில் கிடைக்காது.

நம் நண்பர்களில் சிலர் கேட்கக்கூடும்: தொழில் செய்கிறவர்கள் எப்படியும் ஆங்கிலச் சொற்களைத்தானே வழங்குகிறார்கள், தமிழில் எழுதி என்ன பயன்? சொற்கள் அப்படியே இருக்கட்டும். கிரிம்பிங்கை கிரிம்பிங் என்றே எழுதலாம். 'வடம்' என்று பாடநூல் சொன்னால் எங்கள் ஊரில் தேர்வடம்தான் நினைவுக்கு வரும். கேபிள் என்றால் உடனே விளங்கும். தமிழாக வேண்டியது கலைச்சொல் அன்று, காரணம் சொல்லும் வாக்கியம். 'ஏனென்றால்' என்ற சொல்லுக்குப் பின் வருவது அவனுக்குத் தன் மொழியில் வர வேண்டும். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க மருத்துவர் 19ஆம் நூற்றாண்டிலேயே உடற்கூற்றியலைத் தமிழாக்கி, தமிழிலேயே மருத்துவம் பயிற்றினார். மனித உடலின் நரம்புகளைத் தமிழில் சொல்ல முடிந்ததென்றால், எட்டுக் கம்பிகளைச் சொல்ல முடியாதா?

இது கம்பியில்லாக் காலம், கேபிளுக்கு ஏன் இவ்வளவு கவலை என்பார்களும் உண்டு. ஒவ்வொரு வைஃபை பெட்டியின் முதுகிலும் ஒரு கேபிள் இருக்கிறது. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை கொண்டுசெல்வது பாரத்நெட் திட்டத்தின் குறிக்கோள். இழை ஊராட்சி அலுவலகத்தின் வாசலுக்கு வந்தபின், அங்கிருந்து மேசை வரை இழுக்கப்போவது என் மருமகனைப் போன்றவர்கள்தாம். அந்தக் கடைசி முப்பது மீட்டர் கெட்டால் முந்நூறு கிலோமீட்டரும் வீண்.

ஊர் திரும்பியதும் ஆலிவியரோவின் நூலைத் தபாலில் அனுப்பினேன். முக்கியமான பக்கங்களின் ஓரத்தில் தமிழில் பென்சில் குறிப்புகள் எழுதிவைத்தேன். பாடநூல் அத்தியாயத்தை அச்செடுத்து அதற்குள் செருகினேன். ஒரு நாற்பது பக்க நோட்டையும் சேர்த்து, காணும் ஒவ்வொரு பழுதையும் நாள், இடம், காரணத்தோடு எழுதிவை என்று சொன்னேன். நாம் கவிதைக்கும் கதைக்கும் செலவிடும் மாலைகளில் சிலவற்றை, நடை தெரிந்தவர்கள் என்ற உரிமையில், இப்படிப்பட்ட நோட்டுகளைக் கையேடாக்குவதற்குத் தரலாம் என்பது என் வேண்டுகோள். அறுபது பக்கம் போதும். எழுதத் தெரிந்தவரும் இழுக்கத் தெரிந்தவரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

மண்டியில் செம்புக் கேபிள் மாற்றிவிட்டான், செலவு அவனுடையது. பாக்கிப் பணம் வந்தது, லாபம் போயிற்று. சென்ற வாரம் நோட்டின் முதல் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியிருந்தான். நாளும் இடமும் எழுதி, கீழே காரணத்தின் இடத்தில் இப்படி எழுதியிருந்தான்: 'கேபிள் வாங்குமுன் சுரண்டிப் பார்க்கவில்லை.'