ட்ராக் இல்லாத பாட்டு

போன வாரம் சொன்னபடி, இந்த வாரம் பாடகி பிரியா ராகு பற்றி. "எந்தப் படத்துல பாடியிருக்காங்க?" என்று கேட்டு எழுதிய வாசகர்கள்தான் அதிகம். அவர் பெயர் வெளியே தெரிந்தது சினிமாவால் அல்ல, தானே எழுதித் தானே பாடிய பாட்டுகளால். 2023இல் வந்த அவருடைய 'சந்தோசம்' ஆல்பம்தான் இந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது. பெயருக்குக் குறைவில்லாத ஆல்பம். ஆங்கிலத்தில் போய்க்கொண்டிருக்கும் பாட்டுக்குள் திடீரென்று நம் வீட்டுத் தமிழ் வந்து உட்கார்கிறது. அடியில் கனமான பேஸ், மேலே நம் ஊர்த் தாளம். கேட்கக் கேட்க மனசு நிறைகிறது.

இலங்கைப் போருக்குத் தப்பி சுவிட்சர்லாந்து போய்ச் சேர்ந்த தமிழ்ப் பெற்றோரின் மகள் பிரியா. வளர்ந்தது சென்ட் காலன் என்ற ஊரில். இந்தப் பெயரைக் கண்டதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். திருப்பூர்க்காரன் தெரிந்துவைத்திருக்க வேண்டிய ஊர் அது. முதலில் லினன் துணி நெய்த ஊர், பிறகு எம்பிராய்டரி ஊர். ஷிஃப்லி எம்பிராய்டரி மெஷினை ஐசக் குரோப்லி 1863இல் உருவாக்கியது அந்த வட்டாரத்தில்தான். 1910 வாக்கில் உலகத்தின் எம்பிராய்டரியில் பாதிக்கு மேல் அங்கிருந்து போனது. சுவிட்சர்லாந்தின் முதல் ஏற்றுமதிச் சரக்கே அன்றைக்கு அதுதான். முதல் உலகப் போர் வந்தது, ஆர்டர் நின்றது, தொழில் சரிந்தது. அமெரிக்க வரி 50 சதவீதமாக ஏறிய 2025 ஆகஸ்டில் ஷிப்மெண்ட்டை நிறுத்தி வைத்துவிட்டுத் தவித்த நம் ஆட்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

பிரியா பாடுவதை நியோ சோல், ஆர் அண்ட் பி என்று வகை பிரிக்கிறார்கள். அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயப் பாட்டிலிருந்து பிறந்தது சோல் இசை. 1990களில் அதை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு ஒரு தலைமுறை வந்தது. டி'ஆஞ்சலோவின் முதல் ஆல்பம் 1995, எரிக்கா படுவின் முதல் ஆல்பம் 1997, லாரின் ஹில்லின் தனி ஆல்பம் 1998. நியோ சோல் என்று பெயர் வைத்தவர் ரெக்கார்டு கம்பெனிக்காரரான கெடார் மாசன்பர்க். டி'ஆஞ்சலோ மதபோதகரின் மகன், சின்ன வயதிலேயே சர்ச்சில் வாசித்தவர். 2025 அக்டோபரில் அவர் இறந்த செய்தி வந்த அன்று எனக்கு வேறெதுவும் எழுத ஓடவில்லை. இந்த இசையில் தாளம் அவசரப்படாது. பாடுகிறவர் அடிக்குச் சற்றுப் பிந்தி, சாவகாசமாக வந்து சேர்வார். 'கடல்' படத்தில் சித் ஸ்ரீராம் பாடிய 'அடியே' பாட்டைக் கேட்டவர்களுக்கு இதன் பக்கத்து வாசனை தெரிந்திருக்கும்.

பிரியாவின் கதையில் என்னைப் பிடித்து நிறுத்தியது இரண்டு விஷயங்கள். ஒன்று, அவருடைய வேலை. விமானக் கம்பெனிக்கு உதிரி பாகம் வாங்கித் தரும் பிரிவில் இருந்தார். நம்ம ஊர்ப் பேச்சில் பர்ச்சேஸ். எலாஸ்டிக் வரவில்லை, லேபிள் கலர் மாறிவிட்டது என்று சப்ளையரோடு நாளெல்லாம் போனில் மல்லுக்கட்டும் நம் பர்ச்சேஸ் ஆட்களைப் போன்ற வேலைதான், பொருள் மட்டும் வேறு. அந்த வேலையில் இருந்துகொண்டே அண்ணனோடு சேர்ந்து பாட்டுக் கட்டினார். ஜாப்னா கோல்ட் என்ற பெயரில் இசையமைப்பவர் அந்த அண்ணன். 2020இல் 'குட் லவ் 2.0' வந்தது, ஃபிஃபா 21 வீடியோ கேமில் இடம் பிடித்தது, பெரிய கம்பெனி ஒப்பந்தம் தேடி வந்தது. 2021இல் முதல் தொகுப்பு. அதற்குள் வயது முப்பதைத் தாண்டிவிட்டது. இருபது வயதுக்குள் டிவி மேடை ஏறாவிட்டால் குரல் வீண் என்று பிள்ளைகளை விரட்டும் பெற்றோர் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இரண்டாவது விஷயம் அவருடைய அப்பாவின் குழு. வீட்டு ஆட்களை வைத்தே ஒரு குழு அமைத்து, அங்குள்ள தமிழர் விசேஷங்களில் வாசித்தார் அவர். அண்ணன் கீபோர்டு, தங்கை பாட்டு. பாடியது அத்தனையும் சினிமாப் பாட்டு. அதில் தப்பே இல்லை. ஊரை விட்டு வந்தவர்களுக்கு ஊரைத் திருப்பிக் கொடுத்தது அந்தப் பாட்டுகள்தான். ஆனால் அந்தப் பிள்ளைகள் அங்கேயே நின்றுவிடவில்லை. பிறத்தியார் பாட்டில் குரல் பழகி, பிறகு தங்கள் பாட்டுக்கு வந்தார்கள்.

இங்கேதான் இந்த வாரம் எனக்கு வந்த கோபத்தைச் சொல்லியாக வேண்டும். பெயர் வேண்டாம், ஒரு பனியன் கம்பெனி ஆண்டு விழாவுக்குப் போயிருந்தேன். நல்ல சாப்பாடு, பரிசு, ஆர்க்கெஸ்ட்ரா. நடுவில் தொழிலாளர்கள் பாடலாம் என்று மைக்கில் சொன்னார்கள். செக்கிங்கில் பிசிறு வெட்டும் பெண் ஒருத்தி எழுந்து போனாள். தேனிப் பக்கத்துப் பெண்.

"என்ன பாட்டும்மிணி?"

"நானே கட்டுனதுண்ணா."

"ட்ராக் இல்லாத பாட்டுக்கு நாங்க என்னம்மிணி வாசிக்கறது? சினிமாப் பாட்டு ஏதாச்சும் சொல்லு."

அவள் தலையாட்டிவிட்டு இறங்கிவிட்டாள். மேடையில் அடுத்த டூயட் தொடங்கியது. எனக்கு உட்கார முடியவில்லை. பின்பக்கம் போனபோது பேக்கிங் செக்‌ஷன் வாசலில் அவளைச் சுற்றி ஏழெட்டுப் பேர். டெய்லருக்கு உதவும் கைமடிப் பையன் ஒருவன் காலி அட்டைப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டுகிறான். அவள் பாடுகிறாள். மெட்டு அவள் ஊர் நடவுப் பாட்டு மெட்டு. பாட்டில் வருவது ஒன்றரை ஷிப்ட் முடியும் நேரம், ஊரில் பாட்டியிடம் விட்டு வந்த குழந்தை, தன் கண்ணுக்குத் தப்பிப் போய்விட்ட ஒரு ஓட்டைப் பீஸ், அதற்காக வாங்கிய வசவு. அந்தப் பீஸ் எந்த ஊர்ப் பிள்ளை உடம்பில் இருக்குமோ என்று கேட்டு, அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று வேண்டிக்கொண்டு முடித்தாள். பவர் டேபிளில் ஆயுசைக் கழித்த ஒரு டெய்லர் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். மேடைக்கு முன்னால் ஐந்நூறு பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் இந்தப் பாட்டு போய்ச் சேரவில்லை.

இது சின்ன விஷயம் என்று எனக்குப் படவில்லை. கேட்க ஆள் இல்லாவிட்டால் பாட்டு என்ன ஆகும் என்பதை ஒரு புத்தகத்தில் படித்திருக்கிறேன். 'கொங்கு நாட்டுக்குச் சொந்தப் பாட்டு உண்டா' என்று கேட்பவர்களிடம் நான் எடுத்துக் காட்டும் புத்தகம் பழைய வாசகர்களுக்குத் தெரியும். பிரெண்டா பெக் எழுதிய, 1982இல் வந்த 'தி த்ரீ ட்வின்ஸ்'. மறுபடியும் அதுதான், பொறுத்துக்கொள்ளுங்கள். கனடாவைச் சேர்ந்த மானிடவியலாளர் அவர். 1965இல் காங்கயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கியிருந்து, உடுக்கை அடித்துப் பாடும் அண்ணன்மார் கதையைப் பல இரவுகள் டேப்பில் பதிவு செய்தார். இன்றைக்கு அது திருப்பூர் மாவட்டம். புத்தகத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம் ஒன்று உண்டு. ஒரே பாடகர் ஊர்ச் சனங்கள் முன்னால் பாடியதையும், பிறகு எழுதிக்கொள்ள வசதியாகச் சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார் பெக். கதை ஒன்றுதான். ஆனால் எதிரே ஆள் இருக்கும்போது பாட்டு விரிகிறது, அழுகிற இடத்தில் நின்று அழுகிறது, சண்டையில் வேகம் பிடிக்கிறது. எழுதுகிறவர் முன்னால் சுருங்கிக்கொள்கிறது. பாட்டின் பாதி கேட்கிறவர்களிடம் இருக்கிறது என்பதை இதைவிடத் துலக்கமாகக் காட்டிய புத்தகத்தை நான் படித்ததில்லை. ஆராய்ச்சிப் புத்தகம்தான், இருந்தாலும் பொன்னரும் சங்கரும் தங்காளும் அதில் உயிரோடு நடமாடுகிறார்கள். இதற்கு நல்ல தமிழாக்கம் ஒன்று நம் வட்டாரத்து வாசகர் கைக்கு எளிதாகக் கிடைக்க வேண்டும் என்று எத்தனை முறை எழுதினாலும் எனக்கு அலுக்காது.

அண்ணன்மார் பாட்டு காட்டையும் கிணற்றையும் பங்காளிச் சண்டையையும் பாடியது. பாடியவர்களுக்கும் கேட்டவர்களுக்கும் வாழ்க்கை அங்கே இருந்தது. இன்றைக்கு நம் வாழ்க்கை நிட்டிங்கிலும் சாயப்பட்டறையிலும் கட்டிங் டேபிளிலும் இருக்கிறது. மதுரை, தேனி, திண்டுக்கல், ஒடிசா, பீகார் என்று ஊரை விட்டு வந்தவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். வருசத்துக்கு 40 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் சரக்கு ஏற்றுமதி செய்யும் ஊரைப் பற்றி, அதில் வேலை செய்கிறவர் கட்டிய பாட்டு ஒன்றைச் சொல்லுங்கள் என்றால் யாருக்கும் சட்டென்று வாயில் வராது. பாட்டு இல்லாமல் இல்லை. அட்டைப் பெட்டித் தாளத்தில் பேக்கிங் வாசலில் பாடப்பட்டு அங்கேயே போய்விடுகிறது. வெளிநாட்டுப் பாடகர்களின் பெயரை டி-ஷர்ட் நெஞ்சில் அச்சடித்து அனுப்பும் ஊரில், சொந்தமாகக் கட்டிய பாட்டுக்கு ஐந்து நிமிடம் மைக் கிடைக்கவில்லை என்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

பிரியாவுக்குக் கூட இருந்து வாசிக்க ஒரு அண்ணன் இருந்தார். இந்தப் பெண்ணுக்குக் கவிழ்த்த பெட்டியும் ஒரு கைமடிப் பையனும். வித்தியாசம் குரலில் இல்லை என்று காதால் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.

கம்பெனி முதலாளிகளுக்கும் மேனேஜர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வரும் ஆயுத பூஜைக்கு ஆர்க்கெஸ்ட்ரா பேசும்போதே, அதில் அரை மணி நேரம் உங்கள் தொழிலாளர்கள் கட்டிய பாட்டுக்கு என்று சொல்லி முன்பணம் கொடுங்கள். எந்த மொழியில் பாடினாலும் சரி. வாசிக்கிறவர்களை முந்தின நாள் ஒரு மணி நேரம் வரச் சொன்னால் மெட்டைப் பிடித்துக்கொள்வார்கள். போனில் பதிவு செய்து, பாட்டுக் கட்டியவர் சம்மதித்தால் அவர் பெயரோடு இந்தப் பத்திரிகை முகவரிக்கு அனுப்பிவையுங்கள். வருகிற ஒவ்வொரு பாட்டையும் பற்றி இந்த இடத்தில் எழுதுகிறேன்.