தாய்நிலத்தில் அயல்நாட்டு மாணவன்!

ஒரே ஒரு சொல் ஓர் இளைஞனை எவ்வளவு தொலைவுக்குத் தள்ளிவிடும் என்பதை அண்மையில் ஒரு தொடர்வண்டிப் பெட்டியிற் கண்டேன். அதை இத்தாளின் அன்பர்களுக்குச் சொல்லாமல் இருக்க இயலவில்லை.

நான் கல்மண்டபத்துக்காரன். காசிமேட்டு மீன்வாடையும், துறைமுகச் சுமையுந்துகளின் இரைச்சலும், ஆலைச் சங்கொலியும் கலந்த காற்றில் வளர்ந்தவன். எங்கள் தெருவிலிருந்து நடந்து போகும் தொலைவில் இராயபுரம் நிலையம் இருக்கிறது. தென்னாட்டின் முதல் தொடர்வண்டி 1856-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் முதல் நாள் அங்கிருந்துதான் வாலாசா நோக்கிப் புறப்பட்டது. அந்நாளைய கட்டடம் இன்றும் நிற்கிறது. கும்மிடிப்பூண்டி போகும் புறநகர் வண்டிகள் அவ்வழியே வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி என்று வடக்கே செல்கின்றன. காலையிலும் மாலையிலும் அவ்வண்டிகளில் மாணவர் கூட்டம் அலைமோதும்.

பொன்னேரியில் ஓர் உறவினரைக் காண்பதற்காக ஒரு மாலை அவ்வண்டியில் ஏறினேன். எதிரிருக்கையில் கல்லூரி மாணவர் ஐவர். தேர்வு முடிந்த களிப்பு அவர்கள் முகத்தில் இருந்தது. எல்லாரும் சேர்ந்து இரவு வண்டியிற் குமரிமுனைக்குப் போய்வர வேண்டும் என்று திட்டம் தீட்டிக்கொண்டிருந்தனர். நால்வர் ஆர்வத்தோடு பேச, ஐந்தாமவன் மட்டும் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ போகவில்லையா, தம்பி?" என்று கேட்டேன்.

அவன் விடை சொல்லுமுன் பக்கத்திலிருந்தவன் சொன்னான்: "அந்தக் கிழமை அவனுக்கு முகாமில் கணக்கெடுப்பு ஐயா. ஆள் அங்கே இருந்தாக வேண்டும். இவன் எங்கள் வகுப்பிலேயே ஒரே வெளிநாட்டு மாணவன்!" வெளிநாட்டு மாணவன் என்பதை ஆங்கிலத்திற் சொல்லிச் சிரித்தான். மற்றவர்களும் சிரித்தனர். அதில் தீங்கெண்ணம் ஏதுமில்லை. தோழர்களுக்குள் நடக்கும் பகடிதான். அவனும் சிரித்தான். ஆனால் அச்சிரிப்பு அவன் கண்ணுக்கு ஏறவில்லை.

மெல்ல வினவினேன். தந்தைக்கு ஊர் மன்னார்ப் பக்கம். குழந்தையாக இருந்தபோது தோணியில் வந்தவர். தாயும் அவ்வாறே. இவன் பிறந்தது கும்மிடிப்பூண்டி முகாமில். படித்தது அங்குள்ள பள்ளியில். வாழ்நாளில் ஒருமுறையேனும் கடலைத் தாண்டியதில்லை. ஆனால் கல்லூரியிற் சேர்ந்தபோது படிவத்தில் நாட்டினம் என்ற கட்டத்தில் 'இலங்கை' என்று எழுதச் சொன்னார்களாம். எழுதினானாம்.

எண்ணிப் பாருங்கள் அன்பர்களே! பிறந்த மண்ணிலேயே, பிறந்த மாவட்டத்திலேயே, தாய்மொழி பேசும் தோழர்களோடு ஒரே இருக்கையில் அமர்ந்து கல்லூரிக்குப் போய்வருகிற ஒருவன் 'அயல்நாட்டிற் படிக்கும் மாணவன்' ஆகிறான்! உலகில் எத்தனையோ இளைஞர் அயல்நாடு சென்று படிக்கின்றனர். தோழர்களோடு வண்டியேறி ஊர் பார்க்கின்றனர். படிப்பு முடிந்ததும் தாயகம் திரும்புகின்றனர். இவன் திரும்பிச் செல்லும் தாயகம் எது? கும்மிடிப்பூண்டி நிலையத்தில் இறங்கி நடந்து போகும் அந்த முகாம்தானே!

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. வேறு இரு மாணவர்களின் முகங்கள் கண்முன் வந்து நின்றன.

1970-களின் தொடக்கத்தில் நான் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் படித்தேன். என்னோடு தங்கியிருந்தோருள் யாழ்ப்பாணத் தோழர் இருவர். அக்காலத்தில் இலங்கை அரசு 'தரப்படுத்தல்' என்ற பெயரால் ஒரு கொடுமையைக் கொணர்ந்திருந்தது. மருத்துவம், பொறியியல் முதலிய படிப்புகளுக்குச் சிங்கள மாணவன் பெற வேண்டிய மதிப்பெண்ணைவிடத் தமிழ் மாணவன் கூடுதலாகப் பெற வேண்டும் என்பதே அது. 1956-இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் செய்தவர்கள், அடுத்துக் கல்விக்கூடத்தின் கதவையும் பாதி அடைத்தனர். அதனால் கடல் கடந்து இங்கு வந்தோர் பலருள் இவர்களும் இருவர்.

பதிவேட்டில் அவர்கள் அயல்நாட்டார். ஆனால் பேச்சில் எங்களைவிட நெருங்கிய தமிழர். நாங்கள் 'வேலை' என்றதை அவர்கள் 'அலுவல்' என்றனர். 'அழகு' என்றதை 'வடிவு' என்றனர். வீட்டைச் சுற்றிய நிலம் அவர்களுக்கு 'வளவு'. அதன் வாயிற்கதவு 'படலை'. தம் நாட்டில் தம் மொழிக்கு இடமில்லாதவர்கள், அயல்நாடு என்று சொல்லப்பட்ட நாட்டிற் காதாரத் தமிழ் கேட்டு மகிழ்ந்தனர். சொந்த நாட்டில் அயலார், அயல்நாட்டிற் சொந்தக்காரர்!

பொங்கலுக்கு அவர்களைக் கல்மண்டபத்துக்கு அழைத்து வந்தேன். என் தாய் அவர்களை எந்த நாட்டார் என்று கேட்கவில்லை, "சாப்பிட்டீர்களா பிள்ளைகளே?" என்றுதான் கேட்டார். மறுநாள் தங்கசாலைத் தெருவுக்கு நடந்தோம். ஆறுமுக நாவலர் அச்சுக்கூடம் நடத்திய தெரு அல்லவா அது! நல்லூரிற் பிறந்த நாவலருக்கு எங்கள் வடசென்னை அயலூராகத் தோன்றவில்லை. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளைக்கும் தோன்றவில்லை. 1857-இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகத் தேறிய இருவரும் யாழ்ப்பாணத்தாரே. அவருள் ஒருவர் அவர். தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையோடு 1885-இலும், கலித்தொகையை 1887-இலும் அச்சேற்றி நம் கையிற் கொடுத்தவரும் அவரே. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் மட்டக்களப்புப் பகுதியிற் பிறந்த விபுலானந்த அடிகள். அங்கே 1940-களிற் பயின்ற தனிநாயக அடிகள், பின்னாளில் உலகத் தமிழாராய்ச்சிக்கு அடிகோலினார். இவர்களையெல்லாம் அயல்நாட்டார் என்று விலக்கினால் நம் நூலடுக்கில் எஞ்சுவது எவ்வளவு?

ஒரு கோடை விடுமுறையில் அவ்விருவரையும் வழியனுப்ப இராமேசுவரம் வரை சென்றேன். இரவெல்லாம் வண்டியில் உறங்காமற் பேசினோம். பாம்பன் பாலத்தில் வண்டி ஊர்ந்து சென்றபோது ஒருவர் சன்னலுக்கு வெளியே கைநீட்டிச் சொன்னார்: "என் பாட்டனும் இதே பாலத்தில்தான் வந்தவர்."

அவர் சொன்னது உண்மை. 1914-இற் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அதன்பின் எழும்பூரில் ஏறியவர் தனுக்கோடியில் இறங்கிக் கப்பலேறித் தலைமன்னார் அடைந்து, மீண்டும் தொடர்வண்டியிற் கொழும்பு போகலாம். இடையே கடல் ஏறத்தாழ இருபது கல்தான். எழும்பூரில் எடுத்த ஒரே சீட்டு கொழும்பு வரை செல்லும்! 'போட் மெயில்' என்று மக்கள் அழைத்த கப்பல் அஞ்சல் வண்டி அது. யாழ்ப்பாணம் போவோர் தலைமன்னாரில் வண்டியேறி மதவாச்சியில் மாறி வடக்கே செல்வர். வணிகர் சென்றனர், ஆசிரியர் சென்றனர், மாணவர் தோழர்களோடு பாடிக்கொண்டு சென்றனர்.

அவ்வழியை முதலில் இயற்கை அறுத்தது. 1964 திசம்பர் 22 இரவு வீசிய புயல் தனுக்கோடியை அழித்தது. நிலையத்தை நெருங்கிய தொடர்வண்டியையே கடல் விழுங்கியது. நூற்றுக்கு மேற்பட்டோர் அதில் மாண்டனர். அதன்பின் கப்பல் இராமேசுவரத்திலிருந்து ஓடிற்று. அடுத்து அறுத்தது மாந்தர் கொடுமை. 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டது. 1983 சூலையில் தமிழர் வீதிகளிற் கொல்லப்பட்டனர். 1984-இற் கப்பல் நின்றது. 1990-இல் யாழ்ப்பாணத் தொடர்வண்டியும் நின்றது. நான் வழியனுப்பிய இருவருள் ஒருவரிடமிருந்து அந்த 1983-க்குப் பின் மடலே வரவில்லை.

சீட்டெடுத்து வண்டியில் வந்தவர்களின் உறவினர், இப்போது சீட்டில்லாமல் தோணியில் வந்தனர். வந்தவர்களை முதலில் வைத்த இடங்களுள் ஒன்று மண்டபம் முகாம். அதன் வரலாற்றை நம்மவர் பலர் அறியார். வெள்ளையர் காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு நம் மக்களைக் கூலிகளாய் அனுப்புமுன் அடைத்துவைத்து நோய்நாடிய இடம் அதுவே. பாட்டன் எந்தக் கொட்டிலிலிருந்து கடல் கடந்தானோ, அதே கொட்டிலுக்குப் பேரன் ஏதிலியாய்த் திரும்பினான்! முகாம்களில் வாழ்வோருட் பலர் இத்தகைய மலையகக் குடும்பத்தார். அவர்களையும் இந்நாடு அயலார் என்கிறது.

இனிச் சட்டம் என்ன சொல்கிறதென்று பார்ப்போம். இந்நாட்டில் 1987 சூலை முதல் நாளுக்கு முன் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமக்கள். அதன்பின் பிறந்தோர்க்குப் பெற்றோருள் ஒருவரேனும் குடிமகனாக இருத்தல் வேண்டும். 2004 திசம்பர் 3 முதல் இது மேலும் இறுகியது: பெற்றோருள் ஒருவர் குடிமகனாக இருந்தாலும், மற்றவர் 'சட்டப்புறம்பாகக் குடியேறியவர்' எனக் கருதப்பட்டால் குழந்தைக்கு உரிமையில்லை. உயிருக்கு அஞ்சித் தோணியேறியவன் கடவுச்சீட்டும் நுழைவிசைவும் வாங்கிக்கொண்டா வருவான்? அவன் சட்டப்புறம்பானவன், ஆகவே அவன் பிள்ளைக்கும் உரிமையில்லை! 2019-இல் ஒரு திருத்தம் வந்தது. பாக்கித்தான், வங்காளதேசம், ஆப்கானித்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த சில சமயத்தார்க்கு அது வழி திறந்தது. அப்பட்டியலில் இலங்கை இல்லை. நாற்பதாண்டுகளாகக் கதவருகில் நிற்கும் தமிழன் அவர்கள் கண்ணிற் படவேயில்லை.

தமிழக அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2021-இல் முகாம்களின் பெயரை மறுவாழ்வு முகாம்கள் என்று மாற்றியது. வீடுகட்டித் தரவும், மாணவர்க்குக் கல்விக் கட்டணம் ஏற்கவும் முன்வந்தது. பாராட்டுவோம். ஆனால் குடியுரிமை நடுவணரசின் கையில் இருக்கிறது. நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் வாழ்கின்றனர். அவர்தம் பிள்ளைகள் பட்டம் பெறுகின்றனர். பெற்றபின் கடவுச்சீட்டு இல்லை, வாக்குரிமை இல்லை, அரசுப் பணிக்குக் கதவு திறப்பதில்லை. படிக்க வைத்துவிட்டு, படித்ததைக் கொண்டு எங்கும் போகாதே என்பது எவ்வகை அறம்?

நம்மவருள் சிலர் வேறொன்று சொல்வர்: "அவர்களுக்கு இங்கே குடியுரிமை தந்தால் ஈழத்தில் தமிழர் தொகை குறையாதா? அவர்கள் தாயகம் திரும்புவதன்றோ முறை?" இவ்வினாவை நான் புறந்தள்ளவில்லை. திரும்ப விரும்புவோர் திரும்பட்டும். அவர்தம் நிலமும் வீடும் மீளக் கிடைக்க நாம் குரல் கொடுப்போம். ஆனால் திரும்புவதா, இருப்பதா என்று முடிவு செய்யும் உரிமை அவர்களுடையது. ஒரு கொள்கைக்காகப் பிறனொருவனின் பிள்ளையை முகாமில் நிறுத்திவைக்க நமக்கு உரிமையில்லை. குடியுரிமை என்பது சங்கிலியன்று. அது பெற்றவன் போகவும் வரவும் உரியவன். இன்று அவனால் இரண்டும் இயலவில்லை.

வழியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2015-இல் தலைமன்னாருக்குத் தொடர்வண்டி மீண்டும் ஓடத் தொடங்கிற்று. 2025 ஏப்பிரலிற் பாம்பனிற் புதுப்பாலம் திறக்கப்பட்டது. இரு கரையிலும் தண்டவாளம் காத்திருக்கிறது. நடுவில்தான் கப்பல் இல்லை. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023-இல் ஒரு கப்பல் தொடங்கி, இடையில் நின்று, 2024-இல் மீண்டும் ஓடிற்று. நன்று. இராமேசுவரம்–தலைமன்னார் வழியும் திறக்க வேண்டும். இரு கரை மாணவரும் ஒருவர் கல்லூரியில் மற்றவர் பயில வழி வேண்டும்.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை மூன்று. முகாம்களில் இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு, அவர்கள் விரும்பினால், குடியுரிமை. அதுவரை அவர்கள் தடையின்றிப் படிக்கவும் பணிசெய்யவும் செலவு மேற்கொள்ளவும் இசைவு. இரு கரையையும் இணைத்த பழைய வழிக்குப் புத்துயிர். உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் எக்கட்சியினராயினும் அவருக்கு இதை எழுதுங்கள். அதற்கு முன் இன்னொன்றும் செய்யுங்கள். கும்மிடிப்பூண்டியிலோ, புழலிலோ, உங்கள் ஊருக்கு அருகிலோ உள்ள முகாமுக்கு ஒருமுறை நேரிற் சென்று, அங்குள்ள மாணவர்களோடு பேசுங்கள்.

எங்கள் ஊருக்குக் கல்மண்டபம் என்று பெயர். மண்டபம் என்பது வழிப்போக்கர் தங்குவதற்காக நம் முன்னோர் கட்டிவைத்தது. தங்க வந்தவனை எந்நாட்டான் என்று எவரும் கேட்டதில்லை. பொன்னேரியில் நான் இறங்கும்போது அப்பிள்ளை என் பையை எடுத்துக் கொடுத்து, "பார்த்து இறங்குங்கள் ஐயா" என்றான். தோழர் நால்வரோடு அவன் வண்டியில் மேலே சென்றான். அந்த நால்வரும் குமரிமுனைக்குப் போய்வந்திருப்பார்கள். அவன் கணக்கெடுப்புக்கு வரிசையில் நின்றிருப்பான். அந்த வரிசையை முடித்துவைக்கும் வரை நாம் தமிழர் என்று சொல்லிக்கொள்வதிற் பெருமை என்ன இருக்கிறது?