வாயுவின் வருவாய் யாருக்கு? வடு யாருக்கு?

மன்னார்க் கடலில் வாயு இருக்கின்றது. அது வெளிவந்தால் நாட்டின் கடன் தீரும், இருள் அகலும் என்று கொழும்பு மேடைகளில் முழங்குகின்றனர். 2011ஆம் ஆண்டில் கெயார்ன் நிறுவனம் அக்கடலில் இரு இடங்களில் வாயுவைக் கண்டது மெய். 2015இல் அந்நிறுவனம் மூட்டை கட்டிக்கொண்டு போனதும் மெய். கண்ட வாயுவில் ஓர் அடுப்பேனும் எரியவில்லை. முழக்கம் மட்டும் ஓயக் காணோம்.

நாம் வாயுவுக்குப் பகைவரல்லர். நிலக்கரியை எரித்து மின்சாரம் பெறுகையில் வெளிப்படும் கரியமில வாயுவில் ஏறக்குறையப் பாதியே இதனால் வெளிப்படும். சாம்பலும் இல்லை. நுரைச்சோலை நிலக்கரி நிலையத்தின் அயலில் வாழ்வோரைக் கேட்டால் சாம்பலின் கதையைச் சொல்வர். யூரியாவின் பெரும்பகுதியும் உலகில் இயற்கை வாயுவிலிருந்தே செய்யப்படுகின்றது. 2021இல் இரசாயன உரத்தைத் தடைசெய்தபோது அதன் அருமையை வடமராட்சித் தோட்டக்காரருக்கு எவரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

ஆனால் ஒரு மயக்கத்தை நீக்குதல் வேண்டும். 2022இல் வெற்றுச் சிலிண்டருடன் நாம் வீதியோரம் காத்து நின்றது இயற்கை வாயுவுக்காக அன்று. அது புரொப்பேனும் பியூற்றேனும் கலந்த பெற்றோலிய வாயு. இயற்கை வாயுவோ பெரும்பாலும் மெதேன். மன்னார் வாயு வந்த மறுநாளே சிலிண்டர் வரிசை ஒழியும் என்பவர் அறியாதவர். அன்றேல் அறிந்தும் மறைப்பவர்.

அந்த மெதேன் எரியாமற் கசியுமாயின், இருபது ஆண்டுக் கணக்கில், கரியமில வாயுவிலும் ஏறத்தாழ 80 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். கப்பலில் இறக்குமதி செய்வோம் எனின் அதற்கு டொலர் வேண்டும். 2022இல் உக்ரேன் போரால் விலை ஏறியபோது ஐரோப்பியர் கூடிய விலை கொடுத்துக் கப்பல்களை வாங்கிக்கொண்டனர்; பாகிஸ்தானும் வங்காளதேசமும் இருளில் இருந்தன. 2021 செப்ரெம்பரில் கெரவலப்பிட்டி மின்நிலையம் தொடர்பாக அமெரிக்க நிறுவனமொன்றுடன் செய்த உடன்படிக்கையை அமைச்சரவையில் இருந்தோரே எதிர்த்தமையை வாசகர் மறந்திரார்.

எமது பேரச்சம் தண்ணீர் பற்றியது. குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றில்லை. சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தேங்கும் மழைநீரே எமது குடிநீர்; அதுவே வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இறைக்கும் நீர். மேலே சிந்தியது கீழே இறங்கி அயற்கிணற்றுக்கும் செல்லும். சுன்னாகத்தில் நடந்தது என்ன? மின்நிலையத்தின் எண்ணெய் நிலத்தடி நீரிற் கலந்தது. 2019 ஏப்ரல் 4ஆம் நாள் உயர் நீதிமன்றம் நொதேர்ண் பவர் நிறுவனம் இரண்டு கோடி ரூபா செலுத்தவேண்டுமெனத் தீர்ப்பளித்தது. அந்த மின்சாரம் எமது வீடுகளுக்கும் வந்தது, மறுக்கவில்லை. விளக்கு எரிந்த வீட்டிலேயே வாளியில் எண்ணெய் மிதந்தது.

பருத்தித்துறை முனையில் நின்று வடமேற்கே நோக்கினால் கடலுக்கு அப்பால் கோடிக்கரை. காவிரிப் படுகை என்று நிலவியலார் கூறும் பாறைத்தொகுதி கடலடியாக இக்கரைக்கும் நீள்கின்றது. 1970களிற் பேசாலையில் எண்ணெய் தேடித் துளையிட்டதும் இதனாலேயே. அக்கரையில் 2017இல் கதிராமங்கலத்துக் குழாய் உடைந்து வயலில் எண்ணெய் பரவியது. நெடுவாசல் உழவர் மாதக்கணக்கிற் போராடினர். 2020இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் டெல்ராவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் இயற்றியது. இங்கே அத்தகைய சட்டத்தை இயற்றுவார் யார்? 13ஆம் திருத்தம் எண்ணெய் வயல்களை மத்திய அரசின் பட்டியலிற் சேர்த்தது. வட மாகாண சபையின் காலமோ 2018இல் முடிந்தது; அதன்பின் ஆண்டுகள் பல தேர்தலின்றியே கழிந்தன.

மன்னார் வாயுவை எடுப்பதானால் எடுக்கட்டும். ஆனால் வருவாயில் வடக்கின் பங்கு எவ்வளவு என்பதை முதலில் எழுத்திற் காட்டட்டும். கடலில் துளையிடுமுன் அக்கடலில் வலை வீசுவோரை அழைத்துக் கேட்கட்டும். குடாநாட்டு மண்ணில் ஒரு குழாயேனும் பதிக்குமுன் நிலத்தடி நீர் பற்றிய ஆய்வைத் தமிழில் வெளியிடட்டும். பளையில் காற்றாலைகள் சுழல்கின்றன. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றின் காற்று, சூரிய மின்திட்டத்துக்கு 2024 மார்ச்சில் ஒப்பந்தமாயிற்று. அப்பணிக்கு எவர் கிணறும் கெடாது. கடலடி வாயுவைக் கனவு காண்போர் தலைக்கு மேல் வீசும் காற்றுக்கு இத்துணைக் காலம் கடத்தியதேன்? எமது வாக்கைப் பெற்றுச் சென்ற பாராளுமன்ற உறுப்பினர்கள் இக்கேள்வியைச் சபையில் எழுப்பும் நாள் எது?